பெட்டியில் 300 வாட், அடாப்டரில் 65: ஸ்ட்ரீமிங் ரிசீவர் வாங்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

நேற்று ராத்திரி அப்பாவின் ஸ்பீக்கரில் இடது பக்க ட்வீட்டர் (கீச்சு ஒலிகளைத் தரும் சின்ன ஸ்பீக்கர்) போய்விட்டது. 30 வருஷமாகப் பெரிதாக ஒன்றும் ஆகாத ஸ்பீக்கர். பாதி மாதச் சம்பளம் கொடுத்து வாங்கிய புது ரிசீவர் (பாட்டை வாங்கி ஸ்பீக்கருக்குத் தள்ளும் ஆம்ப்ளிஃபையர் பெட்டி) அதை மூன்றே வாரத்தில் காலி செய்துவிட்டது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் 'சரி, தொலையட்டும்' என்று விட்டுவிடுவேன், என் சுபாவம் அப்படி.

எனக்குத் தேவைப்பட்டது பெரிதாக ஒன்றுமில்லை. பழைய ஆம்ப்ளிஃபையர் ஒரு பக்கம் கரகரக்க ஆரம்பித்திருந்தது. ஸ்பீக்கர்கள் நன்றாகவே இருந்தன. வூஃபரை (கனத்த ஒலிகளைத் தரும் பெரிய ஸ்பீக்கரை) சுற்றியுள்ள ஃபோம் வளையம் உதிர்ந்துபோனதால் அதை மட்டும் மாற்றியிருந்தேன். வைஃபையில் பாட்டு ஓட வேண்டும், விலை கைக்கு அடங்க வேண்டும், அவ்வளவுதான். பெயர் சொல்லப் போவதில்லை. யார் வேண்டுமானாலும் கடை விரிக்கக்கூடிய ஒரு பெரிய ஆன்லைன் சந்தை, அதில் ஆடியோ சாமான் விற்கும் ஒருவர். 'ஸ்ட்ரீமிங் ஸ்டீரியோ ரிசீவர், 300 வாட்' என்று போட்டிருந்தார்.

நான் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல். ஸ்பீக்கரைத் திருப்பி, தூசியைத் துடைத்து, பின்பக்க லேபிளைப் படம் எடுத்து சாட்டில் அனுப்பினேன். 4 ஓம் (மின்தடை), 86 டெசிபல் (கொடுக்கும் வாட்டுக்கு எவ்வளவு சத்தம் என்ற அளவு) என்று பளிச்சென்று அச்சாகியிருக்கிறது. 'இதைத் தாங்குமா சார்?' என்று கேட்டேன். இரண்டே நிமிஷத்தில் பதில்: 'தாராளமா ஓடும் சார். எங்க வீட்லயும் இதே ஸ்பீக்கர், இதே ரிசீவர்தான். தைரியமா வாங்குங்க.' அப்பா ஆசையாக வைத்திருந்த அதே ஸ்பீக்கர் இன்னொருவர் வீட்டிலும் ஓடுகிறதாமே என்று எனக்குச் சந்தோஷம் வேறு. அந்த ஒரு வரியில் விழுந்தேன். வைஃபை உண்டா என்றதற்கு 'எல்லா ஆப்பும் ஓடும் சார்' என்றார். உண்டு என்று அவர் சொல்லவே இல்லை. சாட்டைத் திரும்பப் படிக்கும்போதுதான் அது உறைக்கிறது.

வந்தது உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி. வைஃபை கிடையாது, வெறும் புளூடூத். போனில் ஓடும் எந்த ஆப்பும் புளூடூத்தில் கேட்கும்தானே, அந்தக் கணக்கில் 'எல்லா ஆப்பும்'. போனோடு அடுத்த அறைக்குப் போனால் பாட்டு விட்டு விட்டு வரும், அழைப்பு வந்தால் நின்றே போகும். வைஃபை ரிசீவராக இருந்தால் பாட்டை அதுவே நெட்டிலிருந்து எடுத்துக்கொள்ளும், போன் வெறும் ரிமோட் மாதிரிதான்.

சத்தத்தைப் பாதிக்கு மேல் வைத்தால் டப்பென்று அணைந்துவிடும். அன்றே புகார் கொடுத்தேன். 'வயர் சரியா மாட்டினீங்களா?' மாட்டிய படத்தை அனுப்பினேன். மூன்று நாள் மௌனம். அப்புறம் 'வேற போன்ல பாருங்க.' பார்த்தேன். 'டெக்னிக்கல் டீம் கூப்பிடுவாங்க.' ஒருவரும் கூப்பிடவில்லை. இதற்குள் திருப்பி அனுப்பும் கெடு முடிந்துவிட்டது. கெடுவுக்குள்தானே புகார் கொடுத்தேன் என்று சந்தைக்காரர்களிடம் கேட்டால், 'புகார் வேறு, ரிட்டர்ன் வேறு' என்கிறார்கள்!

சரி, அணையாத அளவில் வைத்துக் கேட்போம் என்று ஓட்டியது என் தப்பு. லேசாகக் கரகரத்ததை ஸ்பீக்கரின் வயசு என்று நினைத்துக்கொண்டேன். ட்வீட்டர் போன பிறகுதான் அடாப்டரைத் திருப்பிப் பார்த்தேன். லேப்டாப்புக்கு வருவது மாதிரி ஒன்று: 19 வோல்ட், 3.42 ஆம்பியர். பெருக்கினால் 65 வாட். 65 வாட் போகிற பெட்டியிலிருந்து தொடர்ந்து 300 வாட் எந்த வழியாக வரும்? அதே சத்தத்துக்கு 89 டெசிபல் ஸ்பீக்கர் கேட்பதைப்போல இரண்டு மடங்கு வாட்டை 86 டெசிபல் ஸ்பீக்கர் கேட்கும். 4 ஓம் என்பதால் கரண்ட்டும் கூடுதலாக இழுக்கும். ஈடுகொடுக்க முடியாத ஆம்ப்ளிஃபையர் ஒலி அலையின் தலையை வெட்டிவிடும், கிளிப்பிங் என்பார்கள். அதில் கிளம்பும் உயர் அதிர்வெண்கள் நேராக ட்வீட்டருக்குத்தான் போகும். அதன் கம்பிச்சுருளில் இருப்பது முடி மாதிரி மெல்லிய கம்பி.

காலையில் விற்பனையாளர் அனுப்பிய கடைசிப் பதில்: 'பழைய ஸ்பீக்கர்தான் பிரச்சினை சார். 4 ஓமுக்கு இது செட் ஆகாது.' நான் அனுப்பிய லேபிள் படம் அதே சாட்டில் கொஞ்சம் மேலே தள்ளினால் இருக்கிறது! பாதி மாதச் சம்பளம் ஐயா, பாதி மாதச் சம்பளம். ட்வீட்டர் செலவு தனி.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விலாவாரியாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. 'ஸ்ட்ரீமிங்' என்ற சொல்லை நம்பாதீர்கள். வைஃபையில் பாட்டு ஓட்டும் வசதிகளான ஏர்பிளே, கூகுள் காஸ்ட் (பழைய பெயர் குரோம்காஸ்ட்), ஸ்பாட்டிஃபை கனெக்ட் என்று பெயர் போட்டு இருக்கிறதா பாருங்கள். வாட் என்றால் எத்தனை ஓமில், இடது, வலது இரண்டு சேனலும் சேர்ந்து ஓடும்போதா என்று பாருங்கள். பக்கத்தில் '10 சதவீத டிஸ்டார்ஷன்' (ஒலிச் சிதைவு) என்றிருந்தால் நகர்ந்துவிடுங்கள். 4 ஓம் தாங்கும் என்பது கையேட்டில் இருக்க வேண்டும், சாட்டில் சொல்வதெல்லாம் செல்லாது. வந்த அன்றே நன்றாக ஓட்டிப் பாருங்கள், அணைந்தால் டீமுக்காகக் காத்திராமல் ரிட்டர்ன் போடுங்கள். இந்த மாதிரிப் பெட்டியை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், இன்று பாட்டுப் போடுவதற்கு முன்னால் அடாப்டரைத் திருப்பி அந்த இரண்டு எண்ணையும் பெருக்கிப் பாருங்கள்.