திறக்க மறுத்த கமக்காரர் பதிவேடு: பழுதான எக்ஸெல் கோப்புகளோடு ஐந்து பெரும்போகங்கள்

மட்டக்களப்பு படுவான்கரையிலுள்ள எங்கள் கமக்காரர் (விவசாயிகள்) அமைப்பின் உறுப்பினர் பதிவேட்டை ஐந்து பெரும்போகங்களாக (மாரிகால நெற்செய்கைகளாக) ஓர் எக்ஸெல் கோப்பில் நான் பேணி வருகிறேன். பெயர், தேசிய அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு இலக்கம், கண்டம் (வயற்பகுதி), ஏக்கர் அளவு, வாய்க்கால் துப்புரவுக்குக் கட்டிய பணம், உர மானியப் படிவம் கொடுத்த திகதி என்று முந்நூறுக்கும் மேற்பட்ட கமக்காரர்களின் விபரம் அதில் இருக்கிறது. இந்தக் காலத்துக்குள் அந்தக் கோப்பு மூன்று தடவை திறக்க முடியாமற் போனது. மூன்று தடவையும் காரணம் வேறு. மீட்ட வழியும் வேறு. கோப்புப் பழுது என்றவுடன் எந்த மென்பொருள் நல்லது என்று தேடுவதுதான் பலருடைய வழக்கம், நானும் அப்படித்தான் தொடங்கினேன். கோப்பின் எந்தப் பகுதி உடைந்திருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும், மென்பொருளைப் பற்றிய கேள்வி அதற்குப் பிறகுதான் வர வேண்டும் என்பது பட்ட பின்புதான் விளங்கியது.

முதற் பழுது, பெரும்போகப் பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்கு முதல் நாள் நேர்ந்தது. பட்டியலை அச்செடுப்பதற்காகக் கோப்பைப் பென்ட்ரைவில் எடுத்துக்கொண்டு, மண்முனைப் பாலத்தைக் கடந்து ஒரு கடைக்குப் போயிருந்தேன். அங்கேயே, பென்ட்ரைவில் இருந்தபடியே கோப்பைத் திறந்து சில பெயர்களைத் திருத்திச் சேமித்தேன். சேமித்து முடிவதற்குள் பென்ட்ரைவ் கழற்றப்பட்டுவிட்டது. இரவு வீட்டில் திறந்தபோது, உள்ளடக்கத்தில் சிக்கல் இருப்பதாகவும் இயன்றவரை மீட்கட்டுமா என்றும் எக்ஸெல் கேட்டது. ஆம் என்றேன். கோப்புத் திறந்தது, ஏக்கர் அளவும் பணமும் அப்படியே இருந்தன, ஆனால் பெயர் நிரல் முழுவதும் வெறுமையாக இருந்தது. அடையாள அட்டை நிரலில் ஏறக்குறைய பாதி இல்லை. அதைவிடப் பெரிய தவறாக, அந்த அரைகுறைக் கோப்பையே அதே பெயரில் சேமித்துவிட்டேன். அடுத்த நாள் காலை அமைப்பின் செயலாளர் ஐயா வந்து திரையைப் பார்த்துவிட்டு, “என்ன மகன், ஆக்களின்ட பேரெல்லாம் போயிற்றா?” என்று கேட்டபோது எனக்கு மறுமொழி வரவில்லை.

பெயர்கள் போய்ப் பணம் மட்டும் ஏன் எஞ்சியது என்ற கேள்விதான் என்னை உள்ளே பார்க்க வைத்தது. எக்ஸெல் 2007 முதல் வழக்குக்கு வந்த எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்பு, உண்மையில் ஒரு ஸிப் பொதி, அதாவது பல கோப்புகளைச் சுருக்கி ஒன்றாகக் கட்டிய பொதி. அதற்குள் பல சிறு கோப்புகள் எக்ஸ்எம்எல் என்னும் எழுத்து வடிவில் அடைக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு தாளின் எண்களும் அந்தந்தத் தாளுக்குரிய கோப்பில் நேரடியாக எழுதப்படுகின்றன. எழுத்துகளோ பொதுவாக அங்கே எழுதப்படுவதில்லை. பெயர், ஊர், கண்டம் போன்ற சொற்கள் எல்லாம் ஷெயார்ட் ஸ்ட்ரிங்ஸ் என்னும் தனிக் கோப்பில் ஒரே பட்டியலாகச் சேர்க்கப்பட்டு, தாளில் அந்தச் சொல்லின் வரிசை எண் மட்டுமே குறிக்கப்படுகிறது. எக்ஸெல் சேமிக்கும் பொதியில் இந்தச் சொற்பட்டியல் பெரும்பாலும் தாள்களுக்குப் பின்னால், பொதியின் கடைசிப் பக்கமாக வருகிறது. ஆகவே, எழுதிக்கொண்டிருக்கும்போது பென்ட்ரைவைப் பிடுங்கினால் முதலில் அறுபடுவது பெயர்கள்தான். அடையாள அட்டை நிரலில் பாதி போனதற்கும் இதுவே காரணம். ஒன்பது இலக்கங்களுக்குப் பின் வி என்ற எழுத்தோடு முடியும் பழைய அட்டை இலக்கங்கள் சொற்களாகக் கருதப்பட்டுப் பட்டியலுக்குப் போயிருந்தன. பன்னிரண்டு இலக்கங்கள் கொண்ட புதியவை எண்களாகத் தாளிலேயே தங்கியிருந்தன. வயதில் மூத்த கமக்காரர்களின் இலக்கங்கள் மறைந்து, இளையவர்களுடையவை தப்பியிருந்ததைக் கண்டு குழம்பியிருந்த எனக்கு, இந்த அமைப்புத் தெரிந்தவுடன் எல்லாம் தெளிந்தது.

மூலக் கோப்பை நானே அழித்துவிட்டபடியால், அடுத்து ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை நாடினேன். படங்களை மீட்பதற்கென்று பெயர் கொண்டிருந்தாலும், எக்ஸெல் உட்பட வேறு பல வகைக் கோப்புகளையும் அது தேடித் தரும். எக்ஸெல் சேமிக்கும்போது அதே இடத்தில் புதிதாக ஒரு தற்காலிகக் கோப்பை எழுதி, முடிந்த பின் பழையதை அகற்றிவிட்டுப் பெயரை மாற்றிக்கொள்கிறது. அகற்றப்பட்ட பழைய பிரதிகளின் தரவு, அந்த இடத்தில் வேறொன்று எழுதப்படும் வரை பென்ட்ரைவிலேயே கிடக்கும். மீட்பவற்றை அதே பென்ட்ரைவில் சேமிக்காமல் கணினியில் வேறு இடத்தில் சேமித்தேன். இந்த ஒரு விதியை மீறினால் மீட்க வேண்டியதை நாமே மேலெழுதி அழித்துவிடுவோம். பெயரற்ற எக்ஸெல் கோப்புகள் பதினொன்று கிடைத்தன. அவற்றுள் ஒன்று ஏறத்தாழ இரண்டு கிழமைக்கு முந்திய முழுமையான பிரதி, இன்னொன்று அறுபட்ட மூலக் கோப்பு. முந்தியதை அடிப்படையாக வைத்துக்கொண்டு, இடையில் சேர்ந்தவற்றை மட்டும் அறுபட்டதிலிருந்து எடுக்க முடிவு செய்தேன்.

அதற்கு, ஸிப் பொதிகளைத் திறக்கும் செவன் ஸிப் என்ற மென்பொருள் உதவியது. கோப்பின் பிரதி ஒன்றை எடுத்து, அதன் மீது வலது பக்கம் சொடுக்கி, பொதியாகத் திறக்கச் சொன்னால் உள்ளே இருப்பவை தெரியும். ஸிப் பொதியின் பொருளடக்கம் கோப்பின் கடைசியில்தான் இருக்கிறது. அது அறுந்திருந்தாலும் ஒவ்வொரு பகுதிக்கும் முன்னால் ஒரு சிறு தலைப்பு இருப்பதால், செவன் ஸிப் பல வேளைகளில் அவற்றைக் கொண்டே திறந்துவிடுகிறது. தாள் கோப்பு முழுதாக வந்தது. சொற்பட்டியல், தரவு எதிர்பாராமல் முடிந்துவிட்டது என்ற எச்சரிக்கையோடு பாதியாக வந்தது. அந்தப் பாதியை ஒரு சாதாரண எழுத்துத் திருத்தியில் திறந்தபோது, ஒருவருடைய பெயரின் நடுவே அது முறிந்திருந்தது.

இனி நான் சொல்லப்போவது, இந்தப் பகிர்வில் மிகவும் கவனமாக வாசிக்க வேண்டியது என்று நினைக்கிறேன். தாளில் உள்ள வரிசை எண்ணையும் பட்டியலில் உள்ள சொல்லையும் நானே பொருத்தினேன். பட்டியலின் எண்ணிக்கை பூச்சியத்திலிருந்து தொடங்குகிறது. நான் ஒன்றிலிருந்து தொடங்கிவிட்டேன். எந்தப் பிழைச் செய்தியும் வரவில்லை. பட்டியல் எட்டிய வரை வெறுமையான கட்டம் ஒன்றும் இல்லை. எல்லாப் பெயர்களும் எங்கள் ஊர்ப் பெயர்களே, எல்லா அட்டை இலக்கங்களும் எங்கள் ஆட்களுடையவையே. ஆனால் பலருடைய ஏக்கரும் பணமும் இன்னொருவரின் பெயருக்கு நேராக நின்றன. செயலாளர் ஐயாவின் கையெழுத்துக் கொப்பியோடு ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டுப் பார்த்தபோது நான்காவது வரியிலேயே பிழை வெளிப்பட்டது. ஒப்பிடாமல் அந்தப் பட்டியலைக் கமநல சேவை நிலையத்துக்குக் கொடுத்திருந்தால், இரண்டு ஏக்கர் செய்பவரின் உரம் பத்து ஏக்கர் செய்பவருக்குப் போயிருக்கும். தரவு இல்லாமற் போனால் யாருக்கும் தெரியும். இடம் மாறி நின்றால் ஒருவருக்கும் தெரியாது. அன்றிலிருந்து எந்த மீட்பையும் மூன்று விதமாகச் சோதிக்கிறேன். வரிகளின் எண்ணிக்கை, ஏக்கர்களின் கூட்டுத்தொகை, எழுந்தமானமாகத் தெரிந்தெடுத்த முப்பது பேரின் முழு விபரம் ஆகிய மூன்றும் கையெழுத்துக் கொப்பியிலுள்ள கணக்கோடு பொருந்தாத வரை அதை மீண்டது என்று சொல்வதில்லை.

இரண்டாவது பழுது மின்வெட்டினால் வந்தது. எக்ஸெல் சரிசெய்து திறந்த கோப்பைப் பார்த்தவர்கள் எல்லாம் குப்பையாகிவிட்டது என்றே சொன்னார்கள். திகதி நிரலில் 45292 போன்ற ஐந்திலக்க எண்கள் இருந்தன. பெயர்களில் ஒரு பகுதி பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக மாறியிருந்தது. மறுபடி எல்லாவற்றையும் தட்டச்சுச் செய்வதற்கு ஒரு பிள்ளையை அமர்த்துவது பற்றிக்கூடப் பேசினார்கள். உண்மையில் தரவில் ஓரெழுத்தும் போயிருக்கவில்லை. அழிந்தது, எழுத்துருவும் திகதி வடிவமும் குறிக்கப்பட்டிருக்கும் ஸ்டைல்ஸ் என்ற பகுதி மட்டுமே. எக்ஸெல் திகதியை 1900 ஜனவரி முதலாந் திகதியை ஒன்றாகக் கொண்ட நாட்கணக்காகவே வைத்திருக்கிறது. 45292 என்பது 2024 ஜனவரி 1. நிரலுக்குத் திகதி வடிவத்தை மறுபடி கொடுத்தவுடன் திகதிகள் வந்துவிட்டன. பெயர்களுக்கு வேறு காரணம். எனக்கு முன்பு இருந்தவர் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்திருந்தார். பாமினியில் உள்ளே இருப்பது ஆங்கில விசைகளின் எழுத்துகளே. எழுத்துருதான் அவற்றுக்குத் தமிழ் வடிவம் தருகிறது. எழுத்துருக் குறிப்பு அழிந்ததும் அந்த வேடம் கலைந்துவிட்டது. ஒருங்குறியில் (யூனிகோட்) நான் தட்டச்சுச் செய்த பெயர்களோ சேதமின்றித் தமிழாகவே நின்றன. பாமினியை மறுபடி தெரிவு செய்தபோது பழைய பெயர்களும் திரும்பின. அந்தக் கிழமையே அவை எல்லாவற்றையும் ஒருங்குறிக்கு மாற்றிவிட்டேன். எங்கள் பக்கத்தில் இன்னும் எத்தனையோ சங்கங்களின் பட்டியல்கள் பாமினியில் கிடக்கின்றன. அவற்றை வைத்திருப்பவர்கள் கோப்பு நன்றாக இருக்கும்போதே மாற்றிக்கொள்ள வேண்டும் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

அந்த வேலையின்போது மீட்ட தாளைக் காற்புள்ளி பிரித்த எழுத்துக் கோப்பாகவும் சேமித்துப் பார்த்தேன். ஒருங்குறிக்கான யுடிஎஃப் எட்டு முறையில் சேமித்ததை எக்ஸெல்லில் நேரடியாக இரட்டைச் சொடுக்கால் திறந்தபோது தமிழ் சிதைந்து தெரிந்தது. அதுவும் பழுதல்ல. தரவுப் பட்டியில் உள்ள எழுத்துக் கோப்பை இறக்கும் வழியாகத் திறந்து, குறியாக்கத்தைத் தெரிவு செய்தால் சரியாக வருகிறது. அதே வழியில் அடையாள அட்டை நிரலையும் கணக்கு இலக்க நிரலையும் எழுத்து என்று குறித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பன்னிரண்டு இலக்க எண் அடுக்குக்குறி வடிவில் சுருங்கித் தெரியும். பதினைந்து இலக்கங்களுக்கு மேற்பட்ட கணக்கு இலக்கமாக இருந்தால் மிகுதி இலக்கங்கள் பூச்சியங்களாகவே மாறிவிடும், அவற்றைத் திரும்பப் பெற வழியில்லை.

மூன்றாவது தடவை எந்த மென்பொருளும் உதவவில்லை. மார்கழி மழையில் மின்சாரம் நின்றது. மடிக்கணினியின் பற்றரி ஏற்கெனவே செயலிழந்திருந்தது. கோப்பின் அளவு முன்பிருந்தது போலவே காட்டியது, ஆனால் எக்ஸெல் திறக்கவில்லை, எக்ஸெல் கோப்புகளைத் திறக்கும் இலவச மென்பொருளான லிப்ரே ஒஃபிஸும் திறக்கவில்லை. கட்டணம் வாங்கும் மீட்பு மென்பொருள் ஒன்றின் சோதனைப் பதிப்பை இரவு முழுவதும் ஓடவிட்டேன்; காலையில் வெறுந்தாளைக் காட்டி, முழுப் பதிப்பை வாங்கச் சொன்னது. எழுத்துத் திருத்தியில் கோப்பைத் திறந்து பார்த்திருந்தால் அந்த இரவு மிஞ்சியிருக்கும். கடவுச்சொல் இட்டுப் பூட்டாத நல்ல எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்பின் முதல் இரண்டு எழுத்துகள் பிகே என்றிருக்கும். ஸிப் முறையை உருவாக்கிய பில் காட்ஸின் பெயரெழுத்துகள் அவை. என் கோப்பில் தொடக்கம் முதல் கடைசி வரை பூச்சியங்கள்தான் இருந்தன. கோப்புக்கான இடம் வட்டில் ஒதுக்கப்பட்டு, தரவு எழுதப்படுவதற்கு முன்பே மின்சாரம் போனால் இப்படி நிகழ்கிறது. அந்தக் கோப்புக்குள் மீட்க ஒன்றுமில்லை என்பதால், பழைய பிரதியைத் தேடுவதே செய்யத்தக்கது. எக்ஸெல் தானாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை எடுக்கும் மீட்புப் பிரதியும் அன்று கிடைக்கவில்லை. கிடைத்தது செயலாளர் ஐயாவின் கைத்தொலைபேசியில். பதினெட்டு நாட்களுக்கு முன்னர் நான் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த பிரதி, அதன் ஆவணக் கோப்புறையில் அப்படியே இருந்தது.

இப்போது என் வழக்கம் இதுதான். கோப்பு திறக்காவிட்டால் முதலில் அதைப் பிரதியெடுத்து, மூலத்தை ஒதுக்கி வைக்கிறேன். பிரதியின் முதல் எழுத்துகளைப் பார்க்கிறேன். பிகே இருந்தால் செவன் ஸிப்பில் எந்தப் பகுதி உடைந்தது என்று பார்த்த பின்பே எக்ஸெல்லின் திறந்து சரிசெய்யும் வசதிக்குப் போகிறேன். அதில் சரிசெய்வது, தரவை மட்டும் எடுப்பது என்று இரண்டு தெரிவுகள் உள்ளன. எங்களைப் போன்ற பதிவேட்டுக்கு இரண்டாவதே போதும், ஏனென்றால் வாய்பாடு போனாலும் அதன் கடைசி விடை தாளில் தனியாகச் சேமிக்கப்பட்டிருக்கும். எக்ஸெல் மறுக்கும் சில கோப்புகளை லிப்ரே ஒஃபிஸ் திறந்துவிடுகிறது. எக்ஸ்எல்எஸ்எக்ஸுக்கு முந்திய பழைய எக்ஸ்எல்எஸ் கோப்புகளில் அதைத்தான் முதலில் நாடுகிறேன். பணம் கட்டி வாங்க வேண்டிய தேவை இதுவரை எனக்கு வரவில்லை. பென்ட்ரைவில் வைத்துக் கோப்பைத் திருத்துவதை அடியோடு நிறுத்திவிட்டேன். கணினியில் சேமித்து மூடிய பிறகே பிரதியெடுத்துக் கொண்டு போகிறேன். வாரம் ஒரு தடவை கூகுள் ட்ரைவில் அதே பெயரில் ஏற்றுகிறேன், பழைய பதிப்புகளை அது முப்பது நாட்கள் வரை வைத்திருக்கிறது. ஒவ்வொரு போகத்தின் தொடக்கத்திலும் பட்டியலை அச்செடுத்துச் செயலாளர் ஐயாவிடம் கொடுக்கிறேன்.

மூன்றாவது பழுதில் அந்தப் பதினெட்டு நாட்களுக்குள் சேர்ந்த ஒன்பது பேரின் விபரம் எந்தப் பிரதியிலும் இல்லை. ஏழு பேருடையதைப் பணம் கட்டிய பற்றுச்சீட்டின் அடிக்கட்டையிலிருந்து எடுத்தேன். மற்ற இருவரின் கண்டமும் ஏக்கரும், வயல்களையும் நீர்ப்பாய்ச்சலையும் மேற்பார்வை செய்யும் வட்டைவிதானையார் ஒரு மாலையில் வீட்டுக்கு வந்து, திண்ணையில் இருந்தபடி வாய்க்கால் வாய்க்காலாகச் சொல்லச் சொல்லத்தான் பதிவேட்டில் ஏறின.