பிஎம்ஜி: டர்பனில் இருந்துகொண்டே கேப்டவுன் நாடாளுமன்றத்தைக் கவனிக்க

முதியோர் இல்லமோ தமிழ் வகுப்போ நடத்தும் சங்கங்கள் பல, மசோதா சட்டமாகும் தறுவாயில்தான் மனு எழுத உட்காருகின்றன. டர்பன் வட்டாரத்துப் பீனிக்ஸ், சாட்ஸ்வொர்த், டொங்காட் எங்கும் இதே கதை. தென்னாப்பிரிக்க நாடாளுமன்றத்தில் நடப்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள இவர்களுக்கு ஏற்ற சேவை பார்லிமென்டரி மானிட்டரிங் குரூப், சுருக்கமாக பிஎம்ஜி. 1995இல் பிளாக் சாஷ், மனித உரிமைக் குழு, இடாசா ஆகிய மூன்று பொதுநல அமைப்புகளும் சேர்ந்து தொடங்கிய இணையச் சேவை இது.

இதன் பெரிய பலம் நாடாளுமன்றக் குழுக் கூட்ட அறிக்கைகள். எந்த உறுப்பினர் என்ன கேட்டார், அதிகாரிகள் என்ன பதில் சொன்னார்கள், யார் வரவில்லை என்பதெல்லாம் கிடைக்கும், ஒலிப்பதிவும் உண்டு. உங்கள் துறைக்கான குழுவின் கடந்த ஓராண்டுக் கூட்டங்களைப் புரட்டினாலே, உங்கள் பிரச்சினையில் அக்கறையுள்ள மூன்று நான்கு பேர் தெரிந்துவிடுவார்கள். குழுத் தலைவரோடு அவர்களுக்கும், அவர்கள் எழுப்பிய கேள்வியையே சுட்டிக்காட்டி, இரண்டு பக்கத்துக்கு மிகாமல் எழுதுங்கள். தேசிய சபையின் (கீழவை) உறுப்பினர்கள் நானூறு பேருக்கும் ஒரே கடிதத்தை அனுப்புவது வீண் வேலை.

மசோதாப் பக்கத்தில் எழுத்தைக் கவனிக்க வேண்டும். எண்ணை ஒட்டி எழுத்து இல்லையென்றால் அது முதல் வடிவம். 'ஏ' என்றால் திருத்தப் பட்டியல். 'பி' என்றால் திருத்தங்கள் சேர்ந்த முழு மசோதா. பழைய வடிவத்தை வைத்துக் கருத்து எழுதினால் பிரிவு எண்களே பொருந்தாமல் போகும். பிரிவு எண், அதனால் வரும் பாதிப்பு, அதற்குப் பதிலாக நீங்கள் கேட்கும் வாசகம் மூன்றும் மனுவில் இருக்கட்டும். நேரில் பேச வாய்ப்பு வேண்டுமென்று முதல் பத்தியிலேயே கேளுங்கள். குழுச் செயலாளருக்கு அனுப்பி, கிடைத்ததாகப் பதில் வாங்கி வையுங்கள்.

குறையும் உண்டு. அறிக்கைகள் ஆங்கிலத்தில்தான், அதிகாரபூர்வப் பதிவும் அல்ல. அதைவிட முக்கியம், இதன் கவனம் கேப்டவுன் மேல்தான். அரசியலமைப்பின் 76ஆம் பிரிவின்படி வரும், அதாவது மாகாணங்களைப் பாதிக்கும் மசோதாவுக்கு, மாகாணங்களின் தேசிய மன்றத்தில் (மேலவை) மாகாணத்துக்கு ஒரு வாக்கு. ஒன்பதில் ஐந்து வேண்டும். டர்பன் இருக்கும் குவாசூலு-நட்டால் மாகாணத்தின் வாக்கு எப்படி என்பது பீட்டர்மாரிட்ஸ்பர்கிலுள்ள மாகாணச் சட்டமன்றத்தில் முடிவாகிறது. அங்கே நடக்கும் பொது விசாரணையின் (மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம்) தேதிக்கு இந்தத் தளத்தை நம்பியிருக்காமல் சட்டமன்றத்துக்கே போன் செய்யுங்கள். மாகாணங்களைப் பாதிக்காத 75ஆம் பிரிவு மசோதா என்றால் கதை வேறு: மாகாணங்களின் தேசிய மன்றம் மறுத்தாலும் தேசிய சபை மறுபடி நிறைவேற்றிவிடலாம். அதனால் முழு பலத்தையும் சபையின் துறைக் குழுவிலேயே காட்டுங்கள்.

விசாரணை அறிவிப்பு எப்போது வந்தது, எத்தனை நாள் அவகாசம் என்பதையும் குறித்து வையுங்கள். மாகாணங்களில் அவசர அவசரமாக விசாரணை நடத்தியதால்தான் நில உரிமை மீட்புத் திருத்தச் சட்டத்தை 2016இல் அரசியலமைப்பு நீதிமன்றம் செல்லாததாக்கியது.

வரிவிலக்குப் போய்விடுமோ என்று பயப்படும் பொருளாளர்களுக்கு: வருமான வரிச் சட்டத்தின் 30ஆம் பிரிவு தடுப்பது, சங்கத்தின் வளங்களைக் கொண்டு ஓர் அரசியல் கட்சியை ஆதரிப்பதையும் எதிர்ப்பதையும்தான். மசோதாவை எதிர்த்து மனுப் போடுவதை அல்ல.

பிஎம்ஜியின் மின்னஞ்சல் அறிவிப்புக்கு எல்லாக் குழுக்களையும் தேர்ந்தெடுத்தால் பெட்டி நிரம்பி, பிறகு யாரும் திறந்தே பார்க்க மாட்டார்கள். உங்கள் துறைக் குழுவும் நிதி ஒதுக்கீட்டுக் குழுவும் போதும்.