பழைய படம் பார்க்க: ப்ளூ-ரேயா, ஸ்ட்ரீமிங்கா?

பழைய கறுப்பு வெள்ளைப் படத்தின் அழகில் பாதி ஃபிலிமின் துகள்தன்மையில் இருக்கிறது. ஒவ்வொரு பிரேமிலும் மாறிக்கொண்டே இருக்கும் அந்தப் புள்ளிகளை, தரம் கெடாமல் சிறிய டிஜிட்டல் கோப்பாகச் சுருக்குவது கடினம். ப்ளூ-ரே வட்டில் படத்துக்கு வினாடிக்கு 40 மெகாபிட் தரவு வரை இடமுண்டு. ஸ்ட்ரீமிங்கில் பெரும்பாலும் அதில் கால்வாசிகூடக் கிடைக்காது. அதனால் இருட்டுக் காட்சிகளில் சாம்பல் நிறம் கட்டங்கட்டமாக உடையும். நட்சத்திரங்களின் முகம் மெழுகு பூசியதுபோல வழவழக்கும். வட்டு என்றாலே தரம் என்றும் நம்பிவிடக் கூடாது. புள்ளிகளை மென்பொருளால் துடைத்தெடுத்த பதிப்பு எதில் வந்தாலும் மெழுகுதான்.

பழைய தொலைக்காட்சித் தொடர்களில் வேறொரு தொல்லை. பழைய டிவியின் 4:3 (அகலம்:உயரம்) சட்டகத்தை இன்றைய 16:9 அகலத் திரைக்கு வெட்டி நிரப்பினால் உயரத்தில் 25% போய்விடும். 2019-இல் டிஸ்னி பிளஸ் 'தி சிம்ப்சன்ஸ்' பழைய பகுதிகளை அப்படி வெட்டிப் போட்டதில், சட்டகத்தின் ஓரத்தில் இருந்த நகைச்சுவைகளே காணாமல் போயின. 2020-இல்தான் 4:3 திரும்பியது.

வசதிக்கு ஸ்ட்ரீமிங்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் உரிமம் முடிந்தால் படம் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். ப்ளூ-ரே வட்டு வாங்கும்போது, அது உலகின் எந்தப் பகுதி பிளேயரில் ஓடும் என்று சொல்லும் மண்டலக் குறியீட்டை (ஏ, பி, சி) உங்கள் பிளேயரோடு ஒப்பிடுங்கள். 'பால்' (PAL) என்ற டிவி ஒளிபரப்பு முறைக்கான பழைய டிவிடி என்றால் படம் 4% வேகமாக ஓடும்; குரலும் சற்றுக் கீச்சிடும்.

எதில் பார்த்தாலும் டிவியில் மோஷன் ஸ்மூத்திங்கை (இடைப் பிரேம்களைத் தானே சேர்த்து அசைவை வழவழப்பாக்கும் வசதி) முதலில் அணைத்துவிடுங்கள்.