அபாவின் ஆகச் சிறந்த ஆல்பம் எது? என் தேர்வு 'தி விசிட்டர்ஸ்'

ஸ்வீடனின் அபா குழுவை விரும்பிக் கேட்பவர்களிடம் அவர்களுடைய ஆகச் சிறந்த ஆல்பம் எது என்று கேட்டால், 1976இல் வந்த 'அரைவல்' என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கும். 'டான்சிங் குவீன்' இடம்பெற்ற ஆல்பத்தை ஒதுக்கிவிட்டு வேறொன்றைச் சொல்ல யாருக்கும் தயக்கம் வருவது இயல்பே. ஆனால் 1973 முதல் 1981 வரை அவர்கள் வெளியிட்ட எட்டு ஸ்டூடியோ ஆல்பங்களையும், நாற்பது ஆண்டு இடைவெளிக்குப் பின் 2021இல் வந்த 'வாயேஜ்' ஆல்பத்தையும் முதல் பாடலிலிருந்து கடைசிப் பாடல்வரை வரிசையாகக் கேட்டு எடைபோட்டால், முதலிடம் 1981 நவம்பர் 30 அன்று வெளியான 'தி விசிட்டர்ஸ்' ஆல்பத்துக்கே உரியது என்பது என் உறுதியான முடிவு.

இந்த விவாதம் பல நேரம் தடம் மாறிப் போவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அபாவைப் பெரும்பாலோர் தனிப்பாடல்கள் வழியாகவே அறிந்திருக்கிறார்கள். 1992இல் வெளியான 'அபா கோல்ட்' என்ற தொகுப்பு உலகம் முழுவதும் மூன்று கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. அதன் மூலம் அபாவைக் கண்டடைந்தவர்களுக்கு, எந்த ஆல்பத்தில் அதிக வெற்றிப் பாடல்கள் உள்ளனவோ அதுவே சிறந்த ஆல்பம் என்று தோன்றிவிடுகிறது. அந்தக் கணக்கில் 'அரைவல்' வெல்லலாம். ஆனால் ஓர் ஆல்பத்தை மதிப்பிடும்போது, அதன் பாடல்கள் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றனவா, ஒரு பாடலிலிருந்து அடுத்த பாடலுக்குப் போகும்போது கேட்பவரின் மனம் ஏதேனும் ஒரு திசையில் நகர்கிறதா, தவிர்த்துவிட்டுப் போகத் தோன்றும் இடங்கள் எத்தனை என்பவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

'அரைவல்' ஆல்பத்தின் பெருமையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. 'டான்சிங் குவீன்' பாடலின் தொடக்கத்தையே எடுத்துக்கொள்ளலாம். பியானோவின் கட்டைகளின் மீது விரல் ஒரே வீச்சில் சறுக்கி ஓடும் ஒலி வருகிறது. அடுத்து, பல்லவியை முதலிலிருந்து தொடங்காமல், அதன் நடுவிலிருந்தே குழுவின் இரு பாடகியரான அக்னேதாவும் ஃப்ரிடாவும் பாடத் தொடங்கிவிடுகிறார்கள். பாடல் நாம் வருவதற்கு முன்பே நடந்துகொண்டிருந்தது போலவும், நாம் இடையில் உள்ளே நுழைந்தது போலவும் ஓர் உணர்வு உண்டாகிறது. சரணம் முடிந்து முழுப் பல்லவியும் வரும்போது, ஏற்கெனவே அறிந்த ஒன்றிடம் திரும்பி வந்த மகிழ்ச்சி கிடைப்பது இதனால்தான். ஒலிப்பதிவுப் பொறியாளர் மைக்கேல் ட்ரெட்டோவ், ஒரே பகுதியை இரண்டாம் முறை பதிவுசெய்யும்போது நாடாவின் வேகத்தை மிகச் சிறிதளவு மாற்றி, இரு பதிவுகளின் சுருதிக்கும் இடையே நூலளவு வேறுபாட்டை உண்டாக்கி ஒலியைத் தடிமனாக்கிய முறை இந்தக் காலத்துப் பாடல்களில் முழுமை பெற்றிருக்கிறது. 'நோயிங் மீ, நோயிங் யூ' பாடலில் ஆளில்லாத வீட்டின் வெறுமையைக் கொண்டுவந்ததும் இதே ஆல்பம்தான்.

ஆனால் அதே 'அரைவல்' ஆல்பத்தில்தான் 'டம் டம் டிடில்' என்ற பாடலும் இருக்கிறது. தன்னைவிட வயலினையே அதிகம் விரும்பும் காதலனைப் பற்றிய அந்தப் பாடலின் மெட்டு துள்ளலானது என்பதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. 'ஒய் டிட் இட் ஹேவ் டு பி மீ' பழைய அமெரிக்க ராக் அண்ட் ரோல் பாணியில் அமைந்த பொழுதுபோக்கு. பத்துப் பாடல்களில் ஐந்து சிகரங்களும் மூன்று மேடுகளும் இருக்கின்றன; மீதி இரண்டு இட நிரப்பிகள். 1980இல் வந்த 'சூப்பர் ட்ரூப்பர்' இதைவிடச் சீரானது. 'தி வின்னர் டேக்ஸ் இட் ஆல்' என்ற ஒரு பாடலுக்காகவே அதை முதலிடத்தில் வைப்பவர்களோடு நான் சண்டைக்குப் போகமாட்டேன். ஆயினும் அதன் கடைசிப் பாடல் 1979இல் லண்டன் வெம்ப்ளி மேடையில் பதிவானது. மற்ற ஒன்பது பாடல்களோடு அது முழுமையாக ஒட்டவில்லை. 'வூலே வூ' டிஸ்கோ மோகத்தின் உச்சத்தில் பிறந்த நடன ஆல்பம். அந்த அளவில் நிறைவானது.

'தி விசிட்டர்ஸ்' உருவான சூழல் வேறு. பியோர்ன், அக்னேதா தம்பதியின் மணவாழ்க்கை ஏற்கெனவே முறிந்திருந்தது. பென்னியும் ஃப்ரிடாவும் பிரிவதாக 1981 பிப்ரவரியில் அறிவித்தார்கள். அடுத்த மாதமே நால்வரும் ஸ்டாக்ஹோமில் உள்ள தங்கள் போலார் ஸ்டூடியோவில் இந்த ஆல்பத்துக்கான பணியைத் தொடங்கினார்கள். பாடல்களை எழுதும் இரண்டு ஆண்களும், அந்த வரிகளைப் பாட வேண்டிய, அவர்களுடைய முன்னாள் துணைவியரான இரண்டு பெண்களும் ஒரே அறையில் நாள்தோறும் வேலை செய்ய வேண்டிய நிலை அது. இந்தச் செய்தி தெரியாதவரும் இதன் பாடல்களைக் கேட்டால், பாடுபவர்கள் எதையும் நடிக்கவில்லை என்பதை உணர்ந்துகொள்வார்.

ஆல்பத்தின் பெயரையே தாங்கிய முதல் பாடல் அபாவின் முந்தைய எந்தத் தொடக்கப் பாடலையும் போன்றதல்ல. சிந்தசைசரின் ஒற்றைச் சுருதி தம்புரா போல அடியில் நீண்டுகொண்டே இருக்க, அதன் மீது ஃப்ரிடாவின் குரல் சற்றே மறைக்கப்பட்ட தொனியில், எங்கோ மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து வருவது போல ஒலிக்கிறது. ஓர் அறைக்குள் ஒருத்தி இருக்கிறாள். வாசல் மணி அடிக்கிறது. நண்பர்கள் இரகசியமாகக் கூடிப் பேசிய அந்த அறையின் நூல்களையும் ஓவியங்களையும் நாற்காலிகளையும் அவள் ஒவ்வொன்றாகப் பார்க்கிறாள். வெளியே நிற்பவர்கள் யார் என்பது அவளுக்குத் தெரியும். அன்றைய சோவியத் ஒன்றியத்தில் அரசை எதிர்த்தவர்களின் வாழ்க்கையை மனத்தில் வைத்து எழுதியதாகப் பியோர்ன் பின்னாளில் விளக்கியிருக்கிறார். ஆனால் பாடலில் எந்த நாட்டின் பெயரும் இல்லை. ஆல்பம் வெளியாகி இரண்டே வாரத்தில், 1981 டிசம்பர் 13 அன்று, போலந்தில் இராணுவச் சட்டம் அறிவிக்கப்பட்டு நள்ளிரவுக் கைதுகள் தொடங்கின. அந்த நாட்களில் இந்தப் பாடலைக் கேட்ட ஐரோப்பியர் ஒருவருக்கு அது எப்படி ஒலித்திருக்கும் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். இத்தனைக்கும் பல்லவி தாளம் தட்ட வைக்கும் வேகத்தில் வெடித்துக் கிளம்புகிறது. அச்சத்தையும் நடனத்தையும் ஒரே பாடலில் இப்படி இணைத்த பாப் குழுக்கள் மிகக் குறைவு.

அடுத்து வரும் 'ஹெட் ஓவர் ஹீல்ஸ்' இலேசான பாடல். தனியாக வெளியிடப்பட்டபோது பிரிட்டனில் 25ஆம் இடத்துக்கு மேல் அது ஏறவில்லை. 1975க்குப் பிறகு அங்கே முதல் பத்து இடங்களுக்குள் வராத முதல் அபா பாடல் அதுவே. ஆனால் ஆல்பத்துக்குள் அதற்கு வேலை இருக்கிறது: முதல் பாடலின் இறுக்கத்திலிருந்து மூச்சு வாங்க இடம் தந்து, 'வென் ஆல் இஸ் செட் அண்ட் டன்' பாடலுக்கு நம்மை அழைத்துச் செல்கிறது. பென்னி, ஃப்ரிடா இருவரின் சம்மதத்தோடு, அவர்களுடைய பிரிவைப் பற்றிப் பியோர்ன் எழுதிய பாடல் அது. ஓராண்டுக்கு முன் 'தி வின்னர் டேக்ஸ் இட் ஆல்' பாடலில் தோற்றவளின் கதறலைக் கேட்டோம். இங்கே நடுவயதை எட்டிய இருவர், யார் மீதும் பழி போடாமல், நடந்ததை ஏற்றுக்கொண்டு நிமிர்ந்து நடக்கிறார்கள். ஃப்ரிடா தன் சொந்த மணமுறிவைப் பற்றிய வரிகளைத் துளியும் கலங்காத குரலில் பாடியிருப்பதை அபாவின் முழு வரலாற்றிலும் மிக உயர்ந்த பாட்டுத்திறனாக நான் கருதுகிறேன். அழுதிருந்தால் அது எளிதாக இருந்திருக்கும்.

'சோல்ஜர்ஸ்' பாடலில் அணிவகுப்பை நினைவூட்டும் டிரம்ஸ், பனிப்போர்க் காலத்தின் கவலையைச் சுமந்து நடக்கிறது. 'ஐ லெட் தி மியூசிக் ஸ்பீக்' மேடை நாடகத்துக்கு எழுதியது போன்ற விரிவான அமைப்புடையது. பென்னியும் பியோர்னும் பாடலாசிரியர் டிம் ரைஸுடன் சேர்ந்து 1984இல் 'செஸ்' இசைநாடகத்தை ஆல்பமாகக் கொண்டுவந்தபோது எந்தத் திசையில் போனார்களோ, அதன் முதல் அடி இங்கே வைக்கப்பட்டிருக்கிறது. சிலருக்கு இது நீளமாகத் தோன்றலாம். எனக்கு அதன் இசைக்கோவை ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்றைக் காட்டுகிறது.

இசைத்தட்டின் இரண்டாம் பக்கத்தின் நடுவில்தான் ஆல்பத்தின் ஒரே சறுக்கல் இருக்கிறது. 'ஒன் ஆஃப் அஸ்' என்ற அருமையான பாடலில், விட்டுவந்தவனை நினைத்துத் தனிமையில் அழும் பெண்ணின் நிலையை அக்னேதா பாடி முடித்ததும், பியோர்ன் பாடும் 'டூ ஃபார் தி பிரைஸ் ஆஃப் ஒன்' வருகிறது. ரயில் நிலையத்தில் நடைமேடையைச் சுத்தம் செய்யும் ஒருவன் நாளிதழ் விளம்பரத்தைப் பார்த்து ஏமாறும் நகைச்சுவைக் கதை அது. பித்தளைக் கருவிகளின் அணிவகுப்பு இசையோடு முடிகிறது. இசையில் குறையில்லை. ஆனால் மற்ற எட்டுப் பாடல்களும் கட்டியெழுப்பிய மனநிலையை அது நான்கு நிமிடத்துக்குக் கலைத்துவிடுகிறது. அந்த இடத்தில் அதே காலத்தில் பதிவான 'ஷுட் ஐ லாஃப் ஆர் க்ரை' பாடலை வைத்திருந்தால் ஆல்பம் பழுதற்றதாகியிருக்கும். அதை ஒரு தனிப்பாடலின் பின்பக்கத்துக்கு அனுப்பியது தவறான முடிவு.

இந்தக் குறையை மறக்கச் செய்யும் வலிமை கடைசி இரண்டு பாடல்களுக்கு உண்டு. 'ஸ்லிப்பிங் த்ரூ மை ஃபிங்கர்ஸ்' பியோர்ன், அக்னேதா இருவரின் மகள் லிண்டா பள்ளிக்குச் செல்வதைப் பார்த்து எழுதப்பட்டது. காலையில் பள்ளிப் பையோடு கிளம்பும் மகள், ஏதோ நினைவில் கையசைத்துவிட்டுப் போகிறாள். காலை உணவு மேசையில் தூக்கக் கலக்கத்தோடு அமர்ந்திருந்த தாய், பேசியிருக்க வேண்டிய நேரத்தைத் தவறவிட்டதை எண்ணிப் பார்க்கிறாள். பெற்ற தாயே அந்த வரிகளைப் பாடுகிறார் என்பதால் அக்னேதாவின் குரலில் ஓர் இடத்தில்கூட மிகை இல்லை. இறுதியாக வரும் 'லைக் ஆன் ஏஞ்சல் பாஸிங் த்ரூ மை ரூம்' பாடலில் ஃப்ரிடா மட்டுமே பாடுகிறார். டிரம்ஸ் இல்லை, பேஸ் கிட்டார் இல்லை, அபாவின் அடையாளமான அந்தக் குழுக்குரலும் இல்லை. கடிகாரத்தின் ஓசையும் பென்னியின் சிந்தசைசரும் மட்டும் துணை வருகின்றன. பத்தாண்டு காலம் குரல் மேல் குரலை அடுக்கிப் புகழ்பெற்ற ஒரு குழு, தன் ஆல்பத்தை ஒற்றைக் குரலில் முடிக்கத் துணிந்தது சாதாரணச் செயல் அல்ல. இதே பாடலை வேகமான டிஸ்கோ தாளத்திலும் முயன்று பார்த்துவிட்டுத்தான் இந்த வடிவத்துக்கு வந்திருக்கிறார்கள்.

ஒலித்தரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் 'அரைவல்' ஆதரவாளர்களின் வலுவான வாதம் இதுவே. பணி பாதியில் இருந்தபோது போலார் ஸ்டூடியோவில் 32 தடங்கள் கொண்ட 3எம் டிஜிட்டல் ஒலிப்பதிவுக் கருவி வந்து சேர்ந்தது. எனவே முதலில் பதிவான பாடல்கள் பழைய நாடாவிலும் பிற்பாடு வந்தவை டிஜிட்டலிலும் உள்ளன. நாடாவின் இரைச்சல் நீங்கியது. கூடவே பழைய பாடல்களில் இருந்த கதகதப்பும் ஓரளவு குறைந்தது. 'டான்சிங் குவீன்' தரும் ஒலியின் செழுமையை எதிர்பார்த்து வருபவருக்கு இது மெலிந்ததாகவும் குளிர்ந்ததாகவும் தோன்றலாம். ஆனால் இந்தப் பாடல்களுக்கு அந்தக் குளிர்ச்சி பொருந்துகிறது. ருட்கர் குன்னர்சனின் பேஸ் கிட்டார் நகரும் ஒவ்வோர் அடியையும், இரு குரல்கள் சேரும் இடத்தில் ஃப்ரிடா எங்கே நிற்கிறார், அக்னேதா எங்கே மேலேறுகிறார் என்பதையும் இங்கே துல்லியமாகப் பிரித்துக் கேட்க முடிகிறது.

அட்டைப்படமும் ஆல்பத்தோடு இசைந்திருக்கிறது. ரூனே சோடர்க்விஸ்ட் வடிவமைத்து, லார்ஸ் லார்சன் எடுத்த அந்தப் புகைப்படம், ஸ்டாக்ஹோமின் ஸ்கான்சன் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் உள்ள ஓவியர் யூலியஸ் க்ரோன்பெரியின் ஓவியக்கூடத்தில் எடுக்கப்பட்டது. மங்கலான செந்நிற வெளிச்சத்தில் நால்வரும் ஒருவரையொருவர் பார்க்காமல் தனித்தனியே நிற்கவும் அமரவும் செய்கிறார்கள்; பின்னால் பெரிய ஓவியம் ஒன்று தொங்குகிறது. 'அரைவல்' அட்டையில் வெண்ணிற உடையில் ஒரே ஹெலிகாப்டருக்குள் நெருங்கி அமர்ந்திருந்த அதே நால்வர்தான் இவர்கள்.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. உலகில் முதன்முதலில் வணிகத்துக்காக அச்சிடப்பட்ட சீடிகளில் ஒன்று இந்த ஆல்பம். 1982 ஆகஸ்டில் ஜெர்மனியின் ஹனோவர் அருகே உள்ள ஆலையில் அது தயாரானது. பிற்காலச் சீடிகளில் ஒன்பது பாடல்களுக்குப் பின் கூடுதல் பாடல்கள் சேர்க்கப்பட்டுள்ளன. பணத்துக்கு அவை நல்ல மதிப்புத்தான். ஆனால் ஃப்ரிடாவின் தனிக்குரல் அடங்கிய உடனே அடுத்த பாடல் தொடங்கிவிடுவது ஆல்பத்தின் முடிவைச் சிதைக்கிறது. எனவே முதல்முறை கேட்பவர்கள் ஒன்பதாம் பாடலோடு நிறுத்திக்கொள்வது நல்லது. இசைத்தட்டு கிடைத்தால் அந்தக் கவலையே இல்லை. 2012இல் வந்த சிறப்புப் பதிப்பில் கடைசிப் பாடல் படிப்படியாக உருவான விதத்தைக் காட்டும் மாதிரிப் பதிவுகளின் கோவை இருப்பதால், அபாவை ஏற்கெனவே நன்கு அறிந்தவர்கள் அதையே தேடி வாங்கலாம். கூடுதல் பாடல்களில் 1982 ஆகஸ்டில் பதிவான 'தி டே பிஃபோர் யூ கேம்' மட்டும் தனியாக ஒரு மாலையை ஒதுக்கிக் கேட்க வேண்டியது. இந்த ஆல்பம் திறந்துவிட்ட வழியில் அவர்கள் இன்னும் எவ்வளவு தூரம் போயிருக்க முடியும் என்பதற்கு அந்தப் பாடலே சான்று.