ஜெர்க் மசாலா விழுது: நீரிழிவு உள்ளவர் வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் ‘ஜெர்க்’ என்று எழுதியதையெல்லாம் வாங்கக் கூடாது. ஜெர்க் என்பது கறியில் பூசி வாட்டும் ஜமைக்காவின் கார மசாலா. இந்தப் பெயரில் மூன்று வேறு வேறு பொருள்கள் விற்கின்றன: பாட்டிலில் வரும் ஈரமான விழுது, உலர்ந்த பொடி, ஊற்றிக்கொள்ளும் சாஸ். ஜமைக்கா பாணிக் கோழியை வீட்டில் செய்ய விழுதுதான் ஏற்றது. சாஸில் சர்க்கரை மிகுதி. தக்காளி, சர்க்கரை, கார்ன் சிரப் ஆகியவை லேபிளின் முதல் சில பெயர்களுக்குள் வந்தால், அது கோழியின் மேல் பூசும் இனிப்புப் பாகு என்றே கொள்ளுங்கள். 4 கிராம் சர்க்கரை ஒரு தேக்கரண்டி என்ற கணக்கை மனத்தில் வைத்துப் படித்தால் லேபிள் தானாகப் புரியும்.

விழுதுகளில் வாக்கர்ஸ்வுட் எளிதில் கிடைப்பது. ஜமைக்காவின் செயின்ட் ஆன் பகுதியில், அதே பெயருள்ள கிராமத்தில் 1978இல் தொடங்கிய நிறுவனம். வெங்காயத்தாள், ஸ்காட்ச் பானட் மிளகாய், உப்பு, மிளகு, ஆல்ஸ்பைஸ் (மிளகு போன்ற உலர்ந்த காய்), ஜாதிக்காய், தைம் (ஒரு மண இலை) என்று ஜெர்க்குக்கு வேண்டிய எல்லாம் இதில் உண்டு. சர்க்கரையும் உண்டு, ஆனால் பட்டியலின் பின்பகுதியில். கோழிக்குப் பூசும் அளவில் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

கவலைப்பட வேண்டியது உப்பைப் பற்றி. நீரிழிவோடு இரத்த அழுத்தமும் சிறுநீரகத் தொல்லையும் சேர்ந்து வருவது சாதாரணம். அப்படியிருந்தும் பலர் லேபிளில் சர்க்கரையை மட்டும் பார்த்துவிட்டுப் பாட்டிலைக் கூடையில் போட்டுவிடுகிறார்கள். பெரியவர்களுக்கு நாள் முழுவதற்கும் 5 கிராம் உப்புக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். லேபிள் சோடியத்தைத்தான் சொல்லும். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பு. ஒரு தேக்கரண்டி விழுதில் 500 மில்லிகிராம் சோடியம் என்றிருந்தால் உப்பு 1.25 கிராம். நால்வருக்கான கோழிக்கு 6 தேக்கரண்டி போட்டால் ஆளுக்கு ஏறக்குறைய 1.9 கிராம். ஒரே வேளையில், கோழித் துண்டில் மட்டும், நாள் அளவின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுகிறது.

தீர்வு, பாட்டிலைப் பாதியாக்கிப் புதுப்பொருளால் நீட்டுவது. ஒரு கிலோ கோழித் தொடைக்கு (எலும்போடு 8 துண்டு) 3 தேக்கரண்டி விழுது போதும். அதோடு வெங்காயத்தாள் 4, பூண்டு 3 பல், ஒரு அங்குல இஞ்சி, தைம் இலை 2 தேக்கரண்டி, வறுத்து இடித்த ஆல்ஸ்பைஸ் 1 தேக்கரண்டி, எலுமிச்சைச் சாறும் எண்ணெயும் ஒவ்வொரு மேசைக்கரண்டி சேர்த்துக் கொரகொரப்பாக அரையுங்கள். தனியாக உப்பு வேண்டாம். ஆல்ஸ்பைஸை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஜமைக்காவில் ஜெர்க்கை அதே மரத்தின் (அங்கே அதற்குப் பிமென்டோ என்று பெயர்) விறகில்தான் வாட்டுகிறார்கள். அந்த மணம் எந்தப் பாட்டிலிலும் முழுதாக வராது. புதிதாக இடித்த காய் ஓரளவு ஈடுகட்டும்.

உப்புக்குப் பதில் ‘குறைந்த சோடியம்’ உப்பைச் சேர்க்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதில் பொட்டாசியம் குளோரைடு இருக்கும். சிறுநீரகம் பாதித்தவர்களும், பொட்டாசியத்தை ஏற்றக்கூடிய சில இரத்த அழுத்த மாத்திரைகள் எடுப்பவர்களும் மருத்துவரிடம் கேட்காமல் அதைத் தொடக் கூடாது.

தோலை எடுத்துவிட்டு எலும்பு வரை இரண்டு கீறல் போட்டு, விழுதை உள்ளே அழுத்தித் தேயுங்கள். ஸ்காட்ச் பானட் ஒரு லட்சம் ஸ்கோவில் அளவிலிருந்து தொடங்கும் காரம், அதனால் கையுறை அவசியம். குளிர்பதனப் பெட்டியில் 6 முதல் 12 மணி நேரம். ஒரு நாளைத் தாண்டினால் புளிப்பு பட்ட மேல்சதை மாவாகிவிடும்.

ஓவனில் 200 டிகிரி செல்சியஸ், தட்டின் மேல் கம்பித் தட்டு, 35 முதல் 40 நிமிடம். ஏர் பிரையரில் 190 டிகிரி, 22 முதல் 25 நிமிடம், நடுவில் ஒருமுறை திருப்பி. கறியின் உள்சூடு 74 டிகிரி தொட்டாலே பாதுகாப்புதான். ஆனால் தொடைக் கறி 80க்கு மேல் போனால்தான் நார் இளகும். நெஞ்சுக் கறி என்றால் 74இல் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் சக்கையாகிவிடும்.

இங்கேதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். சர்க்கரை குறைந்த ஜெர்க் தானாகக் கருஞ்சிவப்பு ஆகாது. துண்டுகளை நெருக்கி அடுக்கினால் ஈரம் ஆவியாகி, கோழி வெந்து வெளிறிக் கிடக்கும். உடனே ‘கொஞ்சம் தேன் தடவினால் என்ன’ என்று தோன்றும். வேண்டாம். சுக்ரலோஸ், எரித்ரிடால் போன்ற மாற்றுகளும் சர்க்கரையைப் போலக் கருகி நிறம் தராது. செய்ய வேண்டியது வேறு: மேலே தடிமனாகத் தங்கிய விழுதை ஓவனில் வைக்கும் முன் வழித்துவிடுங்கள் (தைமும் வெங்காயத்தாளும் கருகிக் கசப்பது அதனால்தான்), துண்டுக்குத் துண்டு இரண்டு விரல் இடைவெளி விடுங்கள், கடைசி 3 நிமிடம் மேல்சூட்டில் வையுங்கள். ஓரம் கருத்து, நடு நீர்ப்பதமாக வரும்.

இரத்தச் சர்க்கரையை உண்மையில் ஏற்றுவது பக்கத்தில் வைக்கும் பண்டம். ‘ரைஸ் அண்ட் பீஸ்’ என்பது தேங்காய்ப்பாலில் வெந்த அரிசியும் சிவப்பு ராஜ்மாவும். ஒரு கப் வெள்ளைச் சோற்றில் மட்டுமே ஏறக்குறைய 45 கிராம் மாவுச்சத்து. விகிதத்தைத் திருப்புங்கள்: அரை கப் ராஜ்மாவுக்கு மூன்றில் ஒரு கப் சோறு. மொத்தம் 35 கிராம் அளவில் நிற்கும், நார்ச்சத்தும் கூடும். தட்டில் பாதி காய்கறிக்கு. வதக்கிய முட்டைக்கோஸ், கல்லலூ கீரை, சௌசௌ எல்லாம் ஜமைக்கா சமையலிலேயே உண்டு (சௌசௌவை அவர்கள் சோசோ என்கிறார்கள்). ஃபெஸ்டிவல் என்ற இனிப்பு மாவுப் பொரியலையும், பழுத்த வாழைக்காய் வறுவலையும் தள்ளிவையுங்கள். இன்சுலினோ சல்போனைல்யூரியா (இன்சுலின் சுரப்பைத் தூண்டும் வகை) மாத்திரையோ எடுப்பவர்கள் மாவுச்சத்தைத் திடீரெனக் குறைத்தால் சர்க்கரை தாழ்ந்துபோகலாம். மருந்தளவை மருத்துவரிடம் பேசிவிட்டு மாற்றுங்கள்.

பொடி வகை அவசரத்துக்கு ஆகும், ஆனால் கீறலுக்குள் இறங்காது. சில பொடிகளில் உப்பும் சர்க்கரையும் முன்னிலையில் நிற்கும். விழுதில் ‘ஹாட்’ வகையை வாங்குவதே நல்லது: குறைவாகப் போட்டாலும் காரம் நிற்கும், அதற்கேற்ப உப்பும் குறையும். திறந்த பாட்டிலைக் குளிரில் வைத்து, உலர்ந்த கரண்டியால் எடுங்கள். பச்சைக் கோழி தொட்ட விழுதை மட்டும் திரும்பப் பாட்டிலில் போட்டுவிடாதீர்கள்.