தண்ணீர் வடியாத டிஷ்வாஷர்: ஆளைக் கூப்பிடுவதா, நாமே திறப்பதா?

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வீட்டு டிஷ்வாஷர் இரண்டு முறை ஒரே மாதிரி படுத்துக்கொண்டது. கழுவி முடித்தாலும் அடியில் அழுக்குத் தண்ணீர் குளமாய் நிற்கும். முதல் முறை டெக்னீஷியனைக் கூப்பிட்டேன், இரண்டாவது முறை நானே திறந்தேன். இப்போது என் ஓட்டு திறப்பதற்குத்தான். வாரண்டி இன்னும் இருந்தால் பேச்சே இல்லை, கம்பெனிக்குப் போன் போடுங்கள்.

டெக்னீஷியன் வர நான்கு நாள் ஆனது. வந்து பார்க்க 80 வெள்ளி (ரிங்கிட்), பம்பு மாற்றியது கூலியோடு இன்னொரு 230. அரை மணி நேரத்தில் முடித்துவிட்டார், நம் கையில் அழுக்கும் படவில்லை. பழைய பம்புக்கு என்ன ஆச்சு என்று கேட்டேன், "போயிடுச்சு பாஸ்" என்றார், அவ்வளவுதான்.

எட்டு மாதத்தில் மறுபடியும் அதே குளம். இந்த முறை காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன், ஏனென்றால் தண்ணீரை வெளியேற்றும் நேரத்தில் வரும் சத்தத்திலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். சத்தமே இல்லை என்றால் பம்புக்குக் கரண்ட் போகவில்லை அல்லது பம்பு மோட்டாரின் கம்பிச்சுருள் அறுந்திருக்கிறது. நன்றாகச் சுற்றியும் தண்ணீர் போகவில்லை என்றால் குழாய் எங்கோ மடங்கியிருக்கும், இல்லையென்றால் சிங்க் அடியில் அது சேரும் இடம் பிசுக்கேறி அடைத்திருக்கும். வெறுமனே "உம்ம்" என்று முனகினால் உள்ளே ஏதோ சிக்கியிருக்கிறது. என்னுடையது முனகியது.

பிளக்கைப் பிடுங்கி, கீழ்த்தட்டை எடுத்து, தண்ணீரைக் குவளையால் மொண்டு, மிச்சத்தைப் பஞ்சில் ஒற்றி எடுத்தேன். ஃபில்டரைத் திருகிக் கழற்றினால் பக்கத்தில் பம்பின் சின்ன மூடி தெரியும், எங்கள் மெஷினில் கரண்டிக் காம்பால் நெம்பினாலே வந்துவிடுகிறது. கையுறை கட்டாயம், கண்ணாடிச் சில்லு இருக்கலாம். எனக்குக் கிடைத்தது ஒரு புளியங்கொட்டை. பம்பின் இறக்கைகளுக்கு நடுவே அப்படியே ஆப்பு மாதிரி இருந்தது. எடுத்துவிட்டு இறக்கையை விரலால் சுற்றினேன், விட்டு விட்டுத்தான் சுற்றியது. உள்ளே காந்தம் இருப்பதால் அப்படித்தான் சுற்றும், அதைப் பழுது என்று நினைத்துப் புதுப் பம்பு வாங்கிவிடாதீர்கள்.

செலவு பூஜ்யம் என்பதை விடுங்கள், எனக்கு முடிவாகத் தெரிந்தது வேறு: இந்தக் கோளாறு திரும்பி வரும். புளி, பட்டை, மீன்முள், எலுமிச்சை விதை என்று நம் சமையலில் பம்புக்குள் போக ஆயிரம் சாமான் இருக்கிறது. ஃபில்டரைக் கழுவிவிட்டு 'டக்' என்று பூட்டும் வரை திருகாவிட்டால் (அந்தப் புண்ணியவான் நான்தான்) எல்லாம் நேராக உள்ளே போகும். பம்பை மாற்றினாலும் பூட்டாத ஃபில்டர் பூட்டாமலேதான் இருக்கும். ஆளைக் கூப்பிட்டால் ஒவ்வொரு தடவையும் அந்த 80 வெள்ளி, நாமே பழகிக்கொண்டால் அடுத்த தடவை இருபது நிமிடம். முதல் பம்பும் நல்ல பம்பாகவே இருந்திருக்குமோ என்ற சந்தேகம் எனக்கு இன்னும் போகவில்லை. அவரையும் குறை சொல்ல முடியாது, பழையதை வாங்கிப் பார்க்காதது என் தப்பு.

பம்பே உண்மையில் போய்விட்டால் அதன் மேல் ஒட்டியிருக்கும் லேபிள் எண்ணைப் படம் எடுத்து ஆன்லைனில் தேடலாம், ஜாலான் பாசார் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் காட்டியும் கேட்கலாம். எனக்கு அந்த அளவுக்குப் போகவில்லை, அதனால் மாற்றும் வேலை எவ்வளவு சுலபம் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

மெஷினைப் போட்டதும் வீட்டு இ.எல்.சி.பி. (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுகிறதா, அடித்தட்டில் தண்ணீர் கசிகிறதா, அங்கே நான் கை வைக்க மாட்டேன். அதற்கு அந்த 80 வெள்ளியைத் தாராளமாகக் கொடுப்பேன், பழைய சாமானை மட்டும் கையோடு கேட்டு வாங்கி வைத்துக்கொள்வேன்.