ஸ்பீக்கர் ஸ்டாண்டு: முதலாவதும் இரண்டாவதும்

டிவி ஸ்டாண்டின் மேல் கிடந்த ஸ்பீக்கர்களைத் தனி ஸ்டாண்டில் ஏற்றியபோது கிடைத்த மாற்றம் பெரிது. அந்தச் சாதா ஸ்டாண்டை எடுத்துவிட்டு விலை கூடிய ஸ்டாண்டு போட்டபோது ஒலியில் கிடைத்தது அநேகமாக ஒன்றுமில்லை. சில வருடங்களாக இரண்டையும் புழங்கிவிட்டுத்தான் சொல்கிறேன்.

என்னுடையது 5 இஞ்ச் வூஃபர் (தாழ்ந்த ஒலிகளைத் தரும் பெரிய கோன்) உள்ள புக்‌ஷெல்ஃப் ஜோடி. ஒவ்வொன்றும் ஆறு கிலோ இருக்கும், போர்ட் (பெட்டிக்குள்ளிருந்து காற்று வெளிவரும் துளை) பின்பக்கம். கேட்பது கச்சேரிப் பதிவுகளும் எண்பதுகளின் சினிமாப் பாட்டும். டிவி ஸ்டாண்டில் இருந்தவரை மிருதங்கத்தின் தொப்பியை, அதாவது இடப்பக்கத்தை, எப்படித் தட்டினாலும் ஒரே ‘கும்’தான். சில ஸ்வரங்களுக்கு டிவி ஸ்டாண்டின் கண்ணாடிக் கதவும் கூடச் சேர்ந்து பாடும்.

முதல் ஸ்டாண்டு எங்கள் தெரு வெல்டிங் பட்டறையில் செய்தது. 24 இஞ்ச் உயரம், சதுரக் குழாய், மேலும் கீழும் இரும்புத் தகடு. வெறும் குழாயைத் தட்டினால் மணி மாதிரி ஒலித்தது. ஆற்று மணலைச் சலித்து, வெயிலில் நன்றாகக் காயவைத்து உள்ளே கொட்டியதும் அது அடங்கிவிட்டது. கடல் மணல் வேண்டாம், உப்பு இரும்பைத் தின்றுவிடும்.

அன்று மாலையே பாடகர் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்த மாதிரி கேட்டது. தொப்பியில் குமுக்கிகள் (அழுத்தி இழைத்து எழுப்பும் கும்கார ஒலிகள்) தனித்தனியாகக் கேட்டன. காரணம் இரும்பும் மணலும் அல்ல, ஸ்பீக்கர் இருந்த இடம். ட்வீட்டர் (உச்ச ஒலிகளைத் தரும் சின்ன கோன்) காது உயரத்துக்குக் கிட்டே வந்தது, ஸ்பீக்கருக்கு முன்னால் பலகை ஏதும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, சுவரை விட்டு விலகியது. பின்னால் போகும் ஒலி சுவரில் பட்டுத் திரும்பி, நேரே வருவதோடு மோதி, ஓர் அதிர்வெண்ணில் பள்ளம் போடும். ஒலியின் வேகமான 343-ஐ (நொடிக்கு மீட்டர்) சுவருக்கும் ஸ்பீக்கர் முகப்புக்கும் உள்ள தூரத்தின் (மீட்டரில்) நான்கு மடங்கால் வகுத்தால் அந்த அதிர்வெண் கிடைக்கும். 35 சென்டிமீட்டரில் 245 ஹெர்ட்ஸ், அதாவது ஆண் குரலின் வயிற்றில் விழும் பள்ளம். 90 சென்டிமீட்டருக்கு நகர்த்தினால் அது 95 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். சுவரோரம் தானாக ஊதிப் பெருக்கும் பாஸும் குறையும்.

பிறகு ஆசை யாரை விட்டது? கனமான இறக்குமதி ஸ்டாண்டு, கீழே ஸ்பைக் (கூரான இரும்பு முனை), விலை முதலாவதைப் போலப் பத்து மடங்கு. அதே உயரம், அதே இடம். ஸ்டாண்டை மாற்றி நிறுத்துவதற்குள் முன்பு கேட்டது காதில் தங்குவதில்லை என்பதால், யூமிக்-1 என்ற அளவு மைக்கை வைத்து ரூம் ஈக்யூ விசார்ட் மென்பொருளில் அளந்தேன். இரண்டு ஸ்டாண்டுக்கும் வரைபடத்தில் வந்த கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று படுத்துவிட்டன. மைக்கை ஒரு சாண் தள்ளி வைத்தால் வரும் வித்தியாசம் அதைவிடப் பெரிது. சீலிங் ஃபேன் மூன்றில் ஓடினால் கேட்கவே வேண்டாம்.

யோசித்தால் அப்படித்தானே இருக்கும்? 5 இஞ்ச் வூஃபரின் அசையும் பகுதி பத்து கிராம் அளவு, பெட்டி ஆறு கிலோ. கோன் ஒரு மில்லிமீட்டர் போனால் பெட்டி பின்வாங்குவது அதில் அறுநூறில் ஒரு பங்கு. ஆடாத எந்த ஸ்டாண்டும் இதைத் தாங்கும். ஸ்பைக் பற்றிப் பிரிட்டிஷ் ஆடியோ பத்திரிகைகள் எழுதுவது மரத்தளம் போட்ட வீடுகளுக்குப் பொருந்தும், அங்கே தரையே அதிரும். நம் வீடுகளில் கான்கிரீட் தளம், மேலே டைல்ஸ். ஸ்பைக் செய்யும் ஒரே வேலை டைல்ஸைக் கீறுவது. அடியில் ஒரு ரூபாய் நாணயம் வைத்தேன். வீடு துடைக்கும் ஈரத்தில் ஸ்பைக் முனை துருப்பிடித்து நாணயத்தைச் சுற்றிப் பழுப்பு வட்டம் விழுந்ததும், கழற்றிவிட்டு ரப்பர் பாதம் மாட்டினேன்.

புது ஸ்டாண்டு வீண் என்று சொல்லமாட்டேன். பார்க்க அழகு, வயர் குழாய்க்குள் மறைந்து போகிறது, அடித்தகடு அகலமாக இருப்பதால் குழந்தைகள் ஓடி வந்து இடித்தாலும் சாய்வதில்லை. பட்டறை ஸ்டாண்டில் வெல்டிங் இடுக்கு வழியாக மணல் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டே இருந்தது. இரண்டிலும் ஸ்பீக்கருக்கு அடியில் நான்கு மூலையிலும் ப்ளூ டேக் (ஒட்டும் களிமண் மாதிரியான பசை) உருண்டை வைக்கிறேன். கோடை வெக்கையில் அது இளகி, எண்ணெய்க் கறை விடுகிறது, வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது.

ஸ்டாண்டுக்கு இடமே இல்லை, மேசைதான் கதி என்பவர்களுக்கு மட்டும் மெத்தென்ற ரப்பர் பேட் உண்மையிலேயே பலன் தரும். பொள்ளலான பலகை அதிர்வதும் கண்ணாடி கிர்ரிடுவதும் நன்றாகக் குறையும்.

வாங்குவதென்றால் உயரத்தை அளந்து வாங்குங்கள். உட்காரும் இடத்தில் தரையிலிருந்து காது வரை டேப் பிடித்து, ஸ்பீக்கரின் அடியிலிருந்து ட்வீட்டர் வரை உள்ள அளவை அதில் கழியுங்கள். சோபாவில் எனக்கு 28 இஞ்ச் வந்தது. 24-இல் ட்வீட்டர் பத்து சென்டிமீட்டர் தாழ்ந்தாலும் எட்டடி தூரத்தில் பொருட்டில்லை. பாயில் உட்கார்ந்து கேட்கும் என் அப்பாவுக்கு 20 இஞ்சே போதும்.